விட்டுப்போன நான்கு பக்கங்கள்

கதையக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ரத்தம் என்றால் ஆகாது. காய் நறுக்கும்போது விரலில் கீறல் விழுந்தால் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் வீட்டுக்காரரிடம் நீட்டுகிற ஆள். தொலைக்காட்சிச் செய்தியில் விபத்து என்று ஆரம்பித்தால் போதும், அடுப்படியில் அவளுக்கு அவசர வேலை வந்துவிடும். அப்படிப்பட்டவள், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதிய ஒரு நாவலில், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கொல்லும் இடத்தை நான்கு தடவை படித்தாள். நான்கு தடவையும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து படித்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவளுக்கு வேலையே வாசிப்பதுதான். பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒலிப்பதிவு அறை இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு அட்டை. பக்கம் புரட்டும் சத்தம் மைக்கில் விழாமலிருக்க மேசைமேல் தடித்த துணி. காற்றாடி போட்டால் அந்த இரைச்சலும் பதிவாகிவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பத்து வருடமாகப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். விலங்கியல் பாடத்திலிருந்து துப்பறியும் கதைவரை அவள் குரலில்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால்தான் கதையக்கா என்று பெயர் வைத்தார்கள். உறவுக்காரர் கூடினால் நாத்தனார் சும்மா இருக்க மாட்டாள். "எங்க அண்ணி செய்யறது வேலை இல்ல, புண்ணியம்" என்று ஆரம்பித்துவிடுவாள். அந்த நேரத்தில் கைப்பைக்குள் இருக்கும் புத்தகத்தை நினைத்துக் கதையக்காவுக்கு உடம்பு கூசும்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'காற்றுப் பங்கு'. நான்கு பாகம். பிள்ளைகள்தான் விடுதியிலிருந்து மனுக் கொடுத்துக் கேட்டு வாங்கினார்கள். மூடி போட்ட ஒரு நகரம். உள்ளே எல்லோருக்கும் போதுமான காற்று இல்லை. பதினான்கு வயதானால் ஆளுக்கு ஒரு காற்றுக் குப்பி தருவார்கள். அது பாதி வருடத்துக்குத்தான் வரும். மீதிப் பாதிக்கு இன்னொரு பிள்ளையின் குப்பியைப் பறித்துக்கொள்ளலாம், சட்டப்படியே. கதை இவ்வளவுதான். முதல் பாகத்தை வாசித்துப் பார்க்க வீட்டுக்கு எடுத்துப்போனபோது, "சே, பிள்ளைங்களுக்கு எழுதற கதையா இது?" என்றுதான் அவளும் சொன்னாள். சொன்ன வாயால் அன்றே அதை முடித்தாள். இரண்டாம் பாகத்துக்கு, பள்ளிப் புத்தகத்தில் அழுக்குப் படக்கூடாது என்று பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டாள். அழுக்கு எங்கே இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அவளும் தன்னோடு நிறைய வாதாடிப் பார்த்தாள். இது அநியாயத்தைக் காட்டும் கதை, அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் கதை, பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுக்கும் கதை. எல்லாம் உண்மைதான். ஆனால் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் பக்கங்களை அவள் வேகமாகப் புரட்டினாள். குப்பி பறிபோகும் பக்கங்களில்தான் விரல் நின்றது. அடுத்து யார், எப்படி என்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொண்டதே, அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தன் மகள் வயதுப் பிள்ளைகள் சாகிறார்கள், தனக்கு ஆசை ஆசையாக இருக்கிறது. நான் என்ன ஜென்மம் என்று பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு மறுபடியும் போய் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் பாகத்தில் இருநூற்றுப் பதிமூன்றாம் பக்கம் வந்தது. அங்கே ஓட்டக்காரி என்கிற பெண், தன்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு கூடவே திரியும் சின்னவனின் காற்றுக் குழாயை அறுக்கிறாள். அவனைத் தூங்க வைத்துவிட்டு அறுக்கிறாள். அவன் விழித்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு நான்கு பக்கம்.

ஒலிப்பதிவு அறையின் சுவரில் ஒரே ஒரு விதி எழுதி ஒட்டியிருந்தது: அச்சில் இருப்பது அத்தனையும் வாசிக்க வேண்டும். அத்தனையும் என்றால் அத்தனையும். அச்சகத்தின் முகவரி, அச்சுப்பிழை எல்லாம். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். பக்கம் கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிக்காரர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, பக்க எண் வரவர டிக் அடிப்பார். கதை அவர் காதில் ஏறாது. "எனக்கு நம்பர் சரியா வந்தா போதும்மா, உள்ள யாரு வாழ்ந்தா என்ன, யாரு செத்தா என்ன" என்பார்.

அன்றைக்கு அந்த நான்கு பக்கத்தையும் அவள் ஒரு மூச்சில் வாசித்தாள். ஹெட்போனில் தன் குரல் தனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. முடித்து நிமிர்ந்தால், ஒலிக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல நான் கதை கேட்டது இன்னைக்குத்தான். நல்லா அனுபவிச்சு வாசிச்சீங்க."

அவர் மனதாரப் பாராட்டினார், பாவம். அவளுக்கோ திருடனைத் தேள் கொட்டியது போலிருந்தது. போட்டுக் காட்டச் சொன்னாள். கேட்டாள். சின்னவன் மூச்சுக்குத் தவிக்கும் இடத்தில் தன் குரல் விரலை நக்கிச் சாப்பிடும் பிள்ளை மாதிரி இருந்தது. இதையா பிள்ளைகள் கேட்கப்போகிறார்கள்? முகம் பார்த்து ஏமாறுகிற கூட்டமா அது? குரலில் இருந்தே, அக்கா இன்றைக்குச் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்கிறவர்கள்.

"நடுவுல இருமல் விழுந்திருக்கு சார். அழிச்சிட்டு மறுபடி எடுத்துடலாம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"எனக்குக் கேக்குது."

இரண்டாம் தடவை அவள் ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணைச் சொல்லி, முதல் இரண்டு வரியை வாசித்து, அடுத்த பக்கத்துக்குத் தாவினாள். கடைசியில், "சின்னவன் இறந்துபோனான்" என்று அச்சில் இல்லாத ஒரு வரியைத் தானே சேர்த்துக்கொண்டாள். ஒலிக்காரருக்கு நான்கு எண்ணும் வரிசையாக வந்தன. நான்கு டிக் அடித்தார். அறை விட்டு வெளியே வரும்போது, பிள்ளைகளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன் என்று அவள் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். அவளே நம்பவில்லை.

ஒரு மாதம் கழித்து, இடைவேளை மணி அடித்த கையோடு, வக்கீல் வந்து நின்றாள்.

வக்கீல் என்பது எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். பதின்மூன்று வயது, பிறவியிலேயே பார்வை இல்லை, வாய் மட்டும் எட்டு ஊருக்குப் போதும். விடுதியில் யாருக்கு என்ன குறை என்றாலும் அவள்தான் பேசுவாள். கைக்கோலை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். நீங்க ஒரு பக்கம் வாசிக்க ரெண்டு நிமிஷம் ஆகும். நான் கணக்கு வெச்சிருக்கேன். மூணாம் பாகத்துல எரநூத்திப் பதிமூணுலேருந்து பதினாறு வரைக்கும் நாலு பக்கமும் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட இல்ல. மீதி எங்க?"

கதையக்கா மேசைத் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"அது... புத்தகத்துல அந்த இடம் கிழிஞ்சிருந்துச்சும்மா."

"கிழிஞ்சிருந்தா பக்க நம்பர் எப்படிச் சொன்னீங்க?"

"மேல் பக்கம் கொஞ்சம் இருந்துச்சு. நம்பரும் ரெண்டு வரியும். கீழதான் இல்ல."

"கிழிஞ்சிருந்தா கிழிஞ்சிருக்குன்னு சொல்லணுமே. விலங்கியல் புத்தகத்துல சொன்னீங்களே."

"மறந்துட்டேன்."

வக்கீல் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் எதையாவது எடை போடும்போது அப்படித்தான் செய்வாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாங்க ஹாஸ்டல்ல பேசி முடிவெடுத்திருக்கோம். நாலாம் பாகத்தை மெஷின் வாசிக்கட்டும்னு பெரியம்மாவுக்கு லெட்டர் எழுதியாச்சு. அதுக்கு உணர்ச்சியே இல்லதான், எல்லாத்தையும் ரயில் அறிவிப்பு மாதிரி சொல்லும். ஆனா ஒளிக்காது." பெரியம்மா என்று அவள் சொன்னது பள்ளித் தலைமையாசிரியையை. "புத்தகம் நெசமாவே கிழிஞ்சிருந்தா சொல்லுங்க, லெட்டரை நானே கிழிச்சுப் போட்டுடறேன். எங்க, காட்டுங்க. தொட்டுப் பாக்கறேன்."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"வீட்டுல இருக்கு," என்றாள் கதையக்கா.

"சரி, நாளைக்குக் கொண்டுவாங்க."

பத்து வருட வேலை போகிறது என்பதைவிட, பிள்ளைகள் தன் குரலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் அவளைச் சுட்டது. ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். அவளுக்கு ஒன்றே போதுமாக இருந்தது, ஆனால் அதைக் கையால் செய்ய வேண்டியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு, வீட்டுக்காரர் வருவதற்குள், சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்தாள். வீட்டுக்காரர் நில அளவையாளர். மேசையில் அவருடைய எஃகு ஸ்கேல் கிடந்தது. தான் வாசித்த இரண்டு வரியும் தப்ப வேண்டுமே என்று, இரண்டாம் வரிக்குக் கீழே ஸ்கேலை அழுத்தி வைத்துக் கிழித்தாள். இரண்டு தாள். கிழிக்கும்போது ஒரு எழுத்துகூடச் சிதையக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். களவிலும் ஒழுங்கு பார்க்கிற ஜாதி அவள். கிழித்த துண்டுகளைக் குப்பையில் போடக் கை போனது, போட முடியவில்லை. நின்ற நிலையில் ஐந்தாம் தடவையாகப் படித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் திடுக்கிட்ட விதத்தைப் பார்த்து வீட்டுக்காரர், "என்ன, காதல் கடிதமா?" என்றார். அது காதல் கடிதமாக இருந்திருந்தால்கூட அவள் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் இடைவேளையில் வக்கீல் வந்தாள். ஒலிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கதையக்கா புத்தகத்தை விரித்து அந்தப் பிஞ்சு விரல்களைக் கிழிசலில் கொண்டு வைத்தாள்.

விரல்கள் ஓரத்தில் மெதுவாக ஓடின. போய்த் திரும்பி வந்தன. அடுத்த தாளுக்குப் போயின.

"அக்கா, கைவேலை வகுப்புல நாங்க என்ன செய்யறோம்னு உங்களுக்குத் தெரியுமா? கிழிஞ்ச பிரெய்ல் புத்தகத்தை ஒட்டறோம். மூணு வருஷமா ஒட்டறேன். பழைய கிழிசல்னா ஓரம் படிஞ்சுபோய் வழவழன்னு இருக்கும். இது நிமிர்ந்து நிக்குது." விரல் மறுபடி ஒரு முறை ஓடியது. "அதோட ரெண்டும் ஒரே நேர்கோடு. ஸ்கேல் வெச்சுக் கிழிச்சிருக்கீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாயிற்று, சோறும் போதவில்லை. கதையக்கா கைப்பையைத் திறந்து துண்டுகளை எடுத்தாள். எடுத்த சத்தம் கேட்டதும் வக்கீல் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அதுதானா? தூக்கிப் போடலையா? வாசிங்க."

வாசித்தாள். மைக் இல்லை, ஹெட்போன் இல்லை. தட்டையாக வாசித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் குரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. சின்னவன் விழித்துக்கொண்டான். குழாயைத் தேடினான். அக்காவைக் கூப்பிட்டான். நான்காம் பக்கம் முடிந்தபோது அவள் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. வக்கீல் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு இது பிடிச்சிருக்கு."

அது கேள்வியாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா," என்றாள் கதையக்கா.

"பிடிச்சதை எதுக்கு விட்டீங்க?"

"பிடிச்சதாலதான்."

வக்கீல் மேசை விளிம்பை விட்டுக் கைக்கோலை எடுத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் வேற நினைச்சேன். ஒண்ணாம் பாகத்துல, ரெண்டாம் பாகத்துல, யாராவது சாகற இடம் வந்தா நான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேப்பேன். ஒரு இடத்தைப் பதினோரு தடவை கேட்டேன். எந்த இடத்தை எத்தனை தடவை கேக்கறோம்னு பிளேயர்ல பதிவாகும்னு வார்டன் ஒரு நாள் சொன்னாங்க. விளையாட்டுக்குச் சொன்னாங்களோ என்னவோ. மூணாம் பாகத்துல அந்த இடம் இல்லன்னதும், உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். இந்தப் பொண்ணு புத்தி சரியில்ல, இனி இவளுக்கு இதெல்லாம் குடுக்கக்கூடாதுன்னு நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு. ஒரு மாசமா யார்கிட்டயும் சொல்லல. மெஷின் வேணும்னு லெட்டர் எழுதச் சொன்னதும் நான்தான். மெஷினுக்கு நான் யாருன்னு தெரியாதுல்ல."

இத்தனை நாள் தன் வெட்கம் தன்னோடு என்று கதையக்கா நினைத்திருந்தாள். அதை மறைக்க நான்கு பக்கத்தை விழுங்கினாள். அது ஒரு மாதமாக இந்தப் பிள்ளையின் வயிற்றில் கிடந்து அறுத்திருக்கிறது. புத்தகத்தில் இருந்த ஓட்டக்காரியாவது தான் யாருடைய குழாயை அறுக்கிறோம் என்று தெரிந்து அறுத்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா உன்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே," என்றாள் வக்கீல். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கதவு திறந்தது. ஒலிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தவர், மேசையில் விரிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஐயையோ, பள்ளிக்கூடப் புத்தகமாச்சே! யாரு கிழிச்சா?"

"நான்தான் சார்," என்றாள் வக்கீல், கதையக்கா வாயைத் திறப்பதற்குள். "தொட்டுப் பாக்கறேன்னு வேகமா இழுத்துட்டேன்."

வாழ்க்கையில் அந்தப் பெண் சொன்ன முதல் பொய்யாகத்தான் இருக்கும். அவ்வளவு மோசமாகச் சொன்னாள். ஆனால் ஒலிக்காரர் நம்பிவிட்டார். கண் தெரியாத பிள்ளை இழுத்துவிட்டது, என்ன செய்ய முடியும் என்று முகத்தில் ஓர் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டார். கதையக்கா சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஒரு கணம் சும்மாதான் இருந்தாள். அந்தக் கணம் அவளுக்குச் சுகமாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இல்ல சார். அவ இல்ல. நான்தான் கிழிச்சேன். வீட்டுல வெச்சு."

"நீங்களா? எதுக்கும்மா?"

மரியாதையான பதில் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பிள்ளைகளுக்கு இந்த வெட்டுக்குத்தெல்லாம் எதுக்கு சார், அதான் எடுத்தேன் என்று சொன்னால் போதும். அவர் தலையாட்டுவார். தலைமையாசிரியைகூட மெச்சுவார். நாத்தனார் கேட்டால் புண்ணியத்தில் இன்னொரு புண்ணியம் என்று சேர்த்துக்கொள்வாள். பக்கத்தில் வக்கீல் தலையைச் சாய்த்து, அந்தப் பதில் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மடக்கிய கைக்கோலை அவள் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

"எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு சார்," என்றாள் கதையக்கா. "பையன் சாகற இடம். வீட்டுல அஞ்சு தடவை படிச்சேன். நீங்க அன்னைக்கு அனுபவிச்சு வாசிச்சேன்னு சொன்னீங்கல்ல, நெசமாவே அனுபவிச்சுத்தான் வாசிச்சேன். குரல்ல அது தெரிஞ்சுது. பிள்ளைங்க கண்டுபிடிச்சிடுவாங்கன்னு வெட்கப்பட்டு விட்டுட்டேன். இருமல் எல்லாம் பொய். பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஒலிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவளை விடப் பத்து வருடத்துக்குமேல் மூத்த மனிதரிடம், பத்து வருடமாக அம்மா அம்மா என்று மரியாதையாகப் பேசிய மனிதரிடம் சொல்லியாயிற்று. சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். ஒன்றும் இறங்கவில்லை. காது மடல்வரை எரிந்தது. அவளைப் பார்க்கக்கூடிய கண்கள் அந்த அறையில் ஒரே ஜோடிதான், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. வக்கீல் வகுப்புக்குப் போகவில்லை. கையால் தடவி ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்து, கதையக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.